ஆளுக்கொரு அதட்டலா?

கேள்வி: எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். அதட்டினால் ஒருவர் வேகமெடுக்கிறார். இன்னொருவர் அன்று முழுக்க வாயே திறப்பதில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதானே நியாயம்?

பதில்: சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு மூன்றிலும் ஒரே மாதிரிதான், மயிரிழைகூடப் பிசகக் கூடாது. பேச்சை மட்டும் சட்டை போல ஆளுக்கேற்ற அளவில்தான் தைக்க வேண்டும்.

மைக் பிரேர்லியைப் பாருங்கள். இங்கிலாந்துக்காக 39 டெஸ்ட் ஆடியும் ஒரு சதம்கூட அடிக்காதவர். அப்புறம் எதற்கு அணியில்? அடிக்க வேண்டியவர்களை அடிக்க வைப்பதற்கு! 1981 ஹெடிங்லி டெஸ்டுக்கு அவர் கேப்டனாகத் திரும்பியபோது, அந்தப் பதவியை அப்போதுதான் விட்டிருந்த இயன் போத்தம் நொந்து போயிருந்தார். ஆட விருப்பமா என்று முதலில் அவரிடமே கேட்டார் பிரேர்லி. பந்து வீச ஓடிவரும்போது போத்தம் பக்கவாட்டில் விலகியதைக் கிண்டலடித்து உசுப்பினார். சீண்டினால் சீறுகிற ஆள் என்று அவருக்குத் தெரியும். பாப் வில்லிஸ் வேறு ரகம். அவருக்கு நோபால் கவலை. அங்கே கிண்டல் கிடையாது. நோபாலை மறந்துவிட்டு வேகமாக, நேராக வீசச் சொல்லி, வீசும் முனையையும் மாற்றிக் கொடுத்தார். ஃபாலோ ஆன் வாங்கிய அணி 18 ரன்னில் வென்றது: போத்தம் ஆட்டமிழக்காமல் 149, வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட். பிரேர்லி பிற்பாடு உளப்பகுப்பாய்வாளர் ஆனதில் வியப்பென்ன?

உங்கள் ஆள் வாய் மூடிக்கொள்வதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். தனியே உட்கார்ந்து, தவறை எப்படிச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்ள வசதி என்று கேளுங்கள். வேகமெடுப்பவரிடமும் கேளுங்கள்; அவர் வேலை பிடித்து ஓடுகிறாரா, உங்களுக்குப் பயந்து ஓடுகிறாரா என்பது அப்போதுதான் தெரியும்.