டேக் அட்டைப் பாட்டியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆய்வுப் பொருள்: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள், வீட்டாரைப் பற்றி எழுதும் மூன்று வரிப் பாட்டுகள். களம்: திருப்பூரில் அக்கா வீட்டு பிரிட்ஜ் கதவு. காலம்: காலாண்டு விடுமுறை.

முதற்கேள்வி, பாட்டு ஏன் இத்தனை குட்டை? யாப்பில் விடை தேடி இரண்டு நாள் வீணாயிற்று. விடை அக்காவின் கைப்பையில் இருந்தது. அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங். எக்ஸ்போர்ட் சட்டையில் தொங்கவிடும் டேக் அட்டை தப்பாக அச்சாகிவிட்டால் கட்டுக்கட்டாகக் கழித்துப் போடுவார்கள். அதில் ஒரு கட்டு வீட்டுக்கு வரும். முன்பக்கம் 9.99 யூரோ, பின்பக்கம் வெள்ளை. அரைச்சாண் நீளம், மூன்று விரல் அகலம். நாலாவது வரி எழுதினால் நூல் கோக்கும் ஓட்டையில் போய் விழும்.

குறள் வெண்பா இதைவிடச் சிறியதாயிற்றே, ஏழு சீரில் முடியுமே என்று புலவர்கள் மறுக்கலாம். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிய வேண்டும். அந்த வீட்டில் காசு சனிக்கிழமைதான் வரும்.

ஆகவே இது லிமரைக்கூ. ஆங்கில லிமரிக்கையும் ஜப்பானிய ஹைக்கூவையும் கலந்து, முதலடியும் மூன்றாமடியும் இயைபில் முடியுமாறு ஈரோடு தமிழன்பன் தமிழுக்குத் தந்த வடிவம். அவர் பிறந்த ஊர் போர்வைக்குப் பேர்போன சென்னிமலை. தறியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக இறுகியிருப்பதால் துணி அவ்வளவாக நீளாது. திருப்பூர்த் துணியோ கண்ணி கண்ணியாகக் கோத்த பின்னல். இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வரும். நம் கவிஞரின் நடுவரி அளவுக்கு மீறி நீள்வதை யாப்புப் பிழை என்று சொல்ல மாட்டேன். துணியின் குணம் அது. சான்று ஒன்று:

ஒன்றரை ஷிப்ட் முடித்து அப்பா வந்தார்
நாளெல்லாம் ஜெர்மனிக்காரனுக்குக் கை வைத்தவர்
கிழிந்த தன் பனியனை அம்மாவிடம் தந்தார்

‘கை வைத்தவர்’ என்பதில் சிலேடை. பவர் டேபிளில் கை வைப்பது என்றால் சட்டை உடம்போடு கையை இணைத்துத் தைப்பது. வெளியூர்க்காரர் காதில் அது அடிதடியாக விழும். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிய காளமேகம் ஓவர்லாக் மிஷின் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இதை விட்டிருக்க மாட்டார். பாட்டுடைத் தலைவரின் விமர்சனம் வேறு மாதிரி இருந்தது: “ஏன் கண்ணு, எம்பட பனியன ஊருக்கெல்லாம் காட்டற?”

சீரியல் பார்த்தபடி அம்மிச்சி பிசிறு வெட்டும்
வில்லி வாய் திறந்தால் கத்தரிக்கு வேகம் வந்து
கான்ட்ராக்டருக்கு ரெண்டு டஜன் டேமேஜ் கிட்டும்

அம்மிச்சி என்னைப் பெற்றவர் என்பதால் இதன்மேல் நடுநிலையாகக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ரெண்டு டஜன் என்பது உயர்வு நவிற்சி, ஏழு பீஸ்தான்.

ஷிப்மென்ட் எப்போ என்ற பையரிடம் நாளைக்கென்றான்
தண்ணி பிடிக்கச் சொன்ன அம்மாவுக்கும் அதே தேதி
அண்ணன் ஒருவன்தான் சொன்ன சொல்லில் நின்றான்

மெர்ச்சண்டைசர் வேலையில் இருக்கும் கவிஞரின் அண்ணன் இதைப் படித்துவிட்டு, பதில் நாளைக்குச் சொல்கிறேன் என்றான்.

பிற நாட்டு மரபையும் ஒப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் இதை ஆய்வு என்று யார் ஒப்புவார்கள்? லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்த எட்மண்ட் கிளெரிஹ்யூ பென்ட்லி, பதினாறு வயதில் வகுப்பில் உட்கார்ந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியைக் கிண்டலடித்து நாலு வரி எழுதினார். இப்படி எழுதியவை 1905-இல் நூலாயின. அந்த வடிவத்துக்கே கிளெரிஹ்யூ என்று பேர் வந்தது. ஆனால் செத்துப்போன பெரிய மனிதர்களைச் சீண்டுவதில் என்ன ஆபத்து? சோறு போடுகிறவர்களைப் பாடிவிட்டு அதே வீட்டில் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

இந்தத் துணிச்சலின் ஊற்றுக்கண் எது? ஒரு மதியம் கம்பெனியில் அக்கா வேலை செய்வதைப் பார்த்தேன். சட்டையைக் கண்ணாடி மேஜையில் விரிக்கிறாள். கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று கண் ஓடுகிறது. ஓரிடத்தில் நிற்கிறது. சிவப்பு அம்பு ஸ்டிக்கரில் ஒன்றைப் பிய்த்து, தையல் விட்ட இடத்துக்கு நேராக ஒட்டுகிறாள். திட்டு இல்லை, விளக்கம் இல்லை, அடுத்த பீஸ். மகளும் இதையேதான் செய்கிறாள். அக்கா ஒட்டிய பீஸ் திருத்தித் தைக்க ஆல்டருக்குப் போகும். மகள் ஒட்டியவை பிரிட்ஜைத் திறந்து தண்ணி குடித்துவிட்டுப் போகின்றன.

அக்காமேல் மட்டும் பாட்டே இல்லை. அவளிடம் குறை இல்லையா? இருக்கிறது, நான் கூடப் பிறந்தவன். காரணம் புரவலர் மரபு. பரிசில் தந்தவரைச் சங்கப் புலவர்கள் புகழ்ந்தார்கள். இங்கே அட்டை தருகிறவரைப் பற்றி வாயே திறப்பதில்லை. இதுவும் ஒரு வகைப் புகழ்ச்சிதான் என்று வாதிடலாம்.

“ஏண்டா, அவ எழுதுறது மூணு வரி, அதுக்கு இவ்வளவா?” என்றாள் அக்கா, என் கையெழுத்துப் படியைப் பார்த்து. மறுநாள் காலை பிரிட்ஜ் கதவில் புது அட்டை தொங்கியது:

அரைச்சாண் அட்டையில் என் பாட்டு நின்றது
உரை சொல்ல உட்கார்ந்த மாமனின் கட்டுரையோ
அரைக்கட்டுப் பேப்பரைத் தின்றது

மூன்றாமடியில் ஒரு சீர் குறைகிறது. சொன்னேன். அட்டையைக் கழற்றிப் போய், சீருக்குப் பதில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டு வந்து மாட்டினாள். அம்பின் முனை ‘மாமனின்’ என்ற சொல்லைப் பார்த்திருந்தது.