முற்றத்தை மூடலாமா?

கேள்வி: துபாயில் சம்பாதித்த காசில், திருவையாறு பக்கம் இருக்கும் தாத்தா வீட்டை அறை அறையாகப் புதுப்பிக்கிறேன். முற்றத்தை மூடி ஏசி ஹால் ஆக்கிவிடலாமா?

பதில்: துபாயில் அல் ஃபாஹிதி பக்கம் போனதே இல்லையா? அந்தப் பாலைவனத்துப் பழைய வீடுகளுக்கும் நடுவில் முற்றம்தான்; காற்றைப் பிடிக்கத் தனியாகக் கோபுரம் வேறு. உங்கள் தாத்தாவுக்கு அந்தச் செலவில்லை, காவிரிக் காற்று சும்மா வந்தது. முற்றத்தை மூடினால் கூடம் இட்லிக் கொப்பரைதான். ரேழியில் டிவி மாட்டுங்கள், சமையலறையில் ஆத்தங்குடிக் கல் பதியுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே ஈரம் தங்கி, ஐப்பசி அடைமழை முடிவதற்குள் பூச்சு அப்பளமாய்ப் பொரிந்து கையோடு வரும். திண்ணையையும் இடித்துவிடாதீர்கள், அந்தப் பக்கம் வந்தால் நான் உட்கார வேண்டாமா?