'இருப்பிடம்' என்னும் கட்டம் குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: அமெரிக்கா முழுவதற்கும் ஒரே கணக்குப் போடும் சம்பள மென்பொருளின் தயாரிப்பாளர் அவர்கள்.

பொருள்: வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்து ஓவர்டைம் விதிகளை அமைத்தல் – தொடர்பாக.

அமெரிக்காவில் ஓவர்டைம் சம்பளத்துக்கு அடித்தளம் 1938ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்குச் சம்பளம். ஒரே நாளில் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று அது கேட்பதில்லை. தயாரிப்பாளர் அவர்களின் மென்பொருளும் கேட்பதில்லை. அரிசோனாவில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. தனியார் ஊழியருக்கென்று அந்த மாநிலம் தனியாக ஓவர்டைம் சட்டம் எதுவும் போடவில்லை. கொலராடோ ஆற்றைக் கடந்து மேற்கே போனதும்தான் வம்பு.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கலிபோர்னியா, நாளையும் எண்ணுகிறது. 8 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, 12க்கு மேல் இரட்டிப்பு. ஒரே வேலை வாரத்தில் ஏழு நாளும் வேலைக்கு வந்தவருக்கு ஏழாம் நாளின் முதல் மணி நேரத்திலிருந்தே ஒன்றரை மடங்கு, அன்று 8ஐத் தாண்டினால் இரட்டிப்பு. கொலராடோ மாநிலம் 12 மணி நேரம் வரை பொறுத்துக்கொண்டு, அதன் பிறகு ஒன்றரை மடங்கு கேட்கிறது. (சட்டம் எழுதியவர்களில் எவரும் சம்பள மென்பொருளை அமைத்துப் பார்த்தவர் அல்லர் என்பது இதிலிருந்தே தெரிகிறது.)

மணிக்கு 20 டாலர் வாங்கும் ஒருவர் திங்களன்று 13 மணி நேரமும் அடுத்த மூன்று நாள்கள் 9 மணி நேரம் வீதமும் வேலை செய்கிறார் என்று கொள்ளலாம். மொத்தம் 40. மென்பொருள் 800 டாலர் என்று காட்டிவிட்டு பச்சை நிறத்தில் சரி போடுகிறது. அரிசோனாவில் அது சரிதான். கொலராடோவில் திங்களின் கடைசி ஒரு மணி நேரத்துக்காக 810 ஆக வேண்டும். கலிபோர்னியாவில் 32 மணி நேரம் சாதாரணச் சம்பளம், 7 மணி நேரம் ஒன்றரை மடங்கு, 1 மணி நேரம் இரட்டிப்பு; ஆக 890. பச்சை நிறம் மட்டும் மூன்று மாநிலத்துக்கும் பொது.

நாள் கணக்கைத் தனியாகச் சேர்க்கும் வசதி அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. அதை இயக்கினால் மென்பொருளுக்குத் திடீரென்று தாராள மனம் வந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் ஐந்து நாள் 9 மணி நேரம் வேலை செய்தவருக்கு நாள் கணக்கில் 5 மணி நேரம், வாரக் கணக்கில் மறுபடி 5 என்று 10 மணி நேர ஓவர்டைம் எழுதுகிறது. நாள் ஓவர்டைமாக ஏற்கெனவே எடுத்த நேரத்தைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் வாரத்தின் 40உடன் ஒப்பிட வேண்டும். சரியான விடை 5.

நெவாடாவைத் தயாரிப்பாளர் அவர்கள் உட்கார்ந்து படிப்பது நல்லது. அங்கே நாள் ஓவர்டைம், குறைந்தபட்சக் கூலியின் ஒன்றரை மடங்குக்கும் கீழே வாங்குபவருக்கு மட்டுமே உண்டு. 2024 ஜூலை முதல் அந்தக் கூலி 12 டாலர். ஆகவே கோடு 18 டாலரில் விழுகிறது. அதோடு அங்கே 'நாள்' என்பது நள்ளிரவில் பிறப்பதில்லை. ஊழியர் வேலையைத் தொடங்கும் நிமிடத்திலிருந்து 24 மணி நேரம். 17 டாலர் வாங்குபவர் திங்கள் காலை 10 மணிக்கு வந்து 8 மணி நேரம் உழைத்துவிட்டு, செவ்வாய் காலை 8 மணிக்கே வந்தால், அந்த முதல் இரண்டு மணி நேரம் திங்களின் கணக்கில் ஏறி ஓவர்டைம் ஆகிவிடும். மென்பொருளின் நாள்காட்டியில் இப்படியொரு திங்கட்கிழமை இல்லை.

இனி 'இருப்பிடம்' கட்டம். அதில் ஊழியரின் வீட்டு முகவரிதான் ஏறுகிறது. டாஹோ ஏரிக் கரையில் நெவாடாவின் ஸ்டேட்லைனும் கலிபோர்னியாவின் சவுத் லேக் டாஹோவும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். ஒன்றில் தூங்கி மற்றதில் உழைப்பது அங்கே அதிசயமல்ல. மென்பொருளோ அவர் தூங்கும் இடத்தின் சட்டப்படி சம்பளம் போடுகிறது. கொலராடோவிலும் அரிசோனாவிலும் வசித்த ஆரக்கிள் நிறுவனப் பயிற்றுநர்கள் தொடுத்த வழக்கில், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது: கலிபோர்னியா நிறுவனத்துக்காக அந்த மாநிலத்துக்குள் முழு நாளோ முழு வாரமோ செய்த வேலைக்கு, வெளி மாநிலத்தவருக்கும் அம்மாநில ஓவர்டைம் விதியே பொருந்தும். அந்தக் கட்டத்தின் பெயரை 'வீடு' என்று மாற்றிவிட்டாலாவது நீதிமன்றத்துக்குக் குழப்பம் குறையும்.

தேதியும் ஒரு தொல்லை. ஊழியர் மார்ச் 15இல் மாநிலம் மாறினார் என்று பதிந்தவுடன், மென்பொருள் ஜனவரியிலிருந்தே அவர் அங்கே இருந்ததாக எடுத்துக்கொண்டு பழைய வாரங்களையும் திருத்துகிறது. ஊழியர் ஒருவர் குடிபெயரும்போது அவருடைய கடந்த காலமும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வரும் என்று எந்த மாநிலச் சட்டத்திலும் இல்லை.

ஆகவே, இருப்பிடத்தை ஊழியரின் பெயரோடு கட்டாமல் ஒவ்வொரு வருகைப் பதிவோடும் கட்டுவது, விதி ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் வைப்பது, நாள் தொடங்கும் நேரத்தை மாநிலவாரியாகத் தீர்மானிக்க விடுவது ஆகியவை கோரப்படுகின்றன. இவை இயலாதெனில், ஐம்பது மாநிலங்களின் சட்டங்களையும் மென்பொருளுக்கு ஏற்பத் திருத்தித் தருமாறு அந்தந்தச் சட்டமன்றங்களுக்குத் தயாரிப்பாளர் அவர்களே எழுதிவிடலாம். பதில் வரும்வரை மேற்படி 13 மணி நேரத் திங்கட்கிழமைக்காரருக்குக் கலிபோர்னியாவில் 90 டாலர் பாக்கி.