கம்பியின் பாகஸ்தர்கள்

நிலபுலன்களையும் பித்தளைப் பாத்திரங்களையும் வழக்கு வம்பின்றிப் பங்கிட்டுக்கொண்ட குடும்பம் எங்களுடையது என்று பந்துக்களிடம் நான் பெருமை பேசுவதுண்டு. அந்தப் பெருமைக்கு ஹானி விளைவிப்பதற்காகவே வந்து சேர்ந்தது, தெருக்கோடி வீட்டு மொட்டை மாடியில் கிளம்பி, இரண்டு தென்னை மரங்களையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் தழுவிக்கொண்டு எங்கள் ஜன்னல் வழியே பிரவேசிக்கும் இணையக் கம்பி. அதனுள் எட்டு இழைகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன என்றும், விநாடிக்கு 100 மெகாபிட் வேகம் வரையில் இரண்டு ஜோடிகளே சகல வேலையையும் செய்ய, மற்ற இரண்டும் வெறுமனே உடன்வருகின்றன என்றும் கேள்விப்பட்டபோது, எங்கள் குடும்பத்தின் நெடுநாள் நடைமுறையும் அதுவே ஆகையால், எனக்கு வியப்பேதும் உண்டாகவில்லை.

ஆதியில் இந்தக் கம்பி என் மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கே பாத்தியமாயிருந்தது. கருவிகளுக்குப் பிறவியிலேயே வாய்க்கும் மேக் அட்ரஸைக் கேபிள்காரர் தம் கணக்கில் குறித்துக்கொண்டு, வேறு எந்தக் கருவி வந்து தட்டினாலும் கதவைச் சாத்திவிடுவார். என் மகன் கடைவீதிக்குச் சென்று ஒரு ரௌட்டர் வாங்கிவந்து, கேபிள்காரரின் சம்மதத்துடனேயே, என் கம்ப்யூட்டரின் மேக் அட்ரஸைத் தன்னுடையதென்று அது சொல்லிக்கொள்ளும்படி செய்துவிட்டான். இவ்விதம் ஆள்மாறாட்டம் செய்யும் சௌகரியத்தை, பெட்டியைத் தயாரித்தவர்களே உள்ளே வைத்து விற்கிறார்களாம். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் ஆயுளின் பெரும் பகுதியைக் கழித்த என் சித்தப்பாவுக்கு இந்தச் சமாசாரம் அளித்த மனக்கிலேசம் கொஞ்சமல்ல.

“ஏண்டா, வெளியிலே ஒரே விலாசம், உள்ளே இத்தனை பேர். யாருக்கு எது வந்ததுன்னு அந்தப் பெட்டிக்கு எப்படிடா தெரியும்?” என்றார்.

நியாயமான ஆட்சேபம்தான். உலகத்துக்கென்று ஏற்பட்ட பழைய முறை இணைய விலாசங்கள் (மேக் அட்ரஸ் வேறு, இவை வேறு) மொத்தமே சுமார் 430 கோடி. அவற்றின் மத்திய கையிருப்பும் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. இந்தப் பஞ்சத்தை முன்கூட்டியே உணர்ந்த நிபுணர்கள், 192.168 என்று தொடங்கும் இலக்கங்களையும் வேறு இரண்டு வரிசைகளையும், அவரவர் சுவருக்குள் இஷ்டம்போல் உபயோகித்துக்கொள்ளலாமென்று 1990-களிலேயே ஒதுக்கிவைத்துவிட்டார்கள். ஆகவே என் கைபேசி இங்கே வைத்திருக்கும் அதே இலக்கத்தை டோக்கியோவில் யாருடைய தொலைக்காட்சிப் பெட்டியோ வைத்திருக்கக்கூடும்; இரண்டுக்கும் சண்டையில்லை. கூட்டுக் குடும்பத்தின் கடிதங்களையெல்லாம் தபால்காரர் ஒரே கதவிலக்கத்தில் போட்டுவிட்டுப் போக, திண்ணையிலிருக்கும் பெரியவர் பிரித்துக் கொடுப்பதுபோல, ரௌட்டரும் யார் எதைக் கேட்டார்கள் என்பதை ஒரு போர்ட் எண்ணிட்டுக் கணக்கெழுதி வைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பிக்கிறது. ஒருவரும் கேட்காமல் வந்ததைத் தூர எறிந்துவிடுகிறது.

“கேட்காம வந்ததைத் தூர எறியறதா? பேஷ்! நம்ம வீட்டிலே இந்தப் புத்தி அது ஒண்ணுக்குத்தான் இருக்கு” என்றார் சித்தப்பா.

விலாசத்தைப் பங்கிடத் தெரிந்த பெட்டிக்கு வேகத்தைப் பங்கிடும் விவேகம் மட்டும் சுபாவமாக அமையவில்லை. ஒரு சாயங்காலம், வீட்டிலுள்ள அத்தனை திரைகளிலும் வட்டம் சுழலத் தொடங்கிற்று. என் மனைவி மகனுடைய விளையாட்டைச் சந்தேகித்தாள். மகன் தாயாருடைய சீரியலைச் சந்தேகித்தான். நான், இல்லறத்தின் க்ஷேமத்தை உத்தேசித்து, கேபிள்காரரைச் சந்தேகித்தேன். ரௌட்டரின் பட்டியலைத் துருவிப் பார்த்ததில் அகப்பட்டதோ, இணையத்தின் திசைக்கே போகாதவள் என்று நாங்கள் நம்பியிருந்த என் அம்மாவின் கைபேசி.

“நான் எங்கேடா நெட் பார்த்தேன்? கல்யாணத்திலே நாலு போட்டோ எடுத்தேன், அவ்வளவுதான்!” என்றாள்.

அவள் நாலு என்று அடக்கமாகக் குறிப்பிட்ட படங்களையும், நிச்சயதார்த்தம் முதல் கட்டுச்சாதம் வரையிலான வீடியோக்களையும், அந்தக் கைபேசி தானாகவே எங்கோ ஒரு களஞ்சியத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அனுப்பும் வழி அடைபட்டால் பெறும் வழியும் ஏன் தடுமாறவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வந்துசேரும் பொட்டலங்களுக்கு “பெற்றுக்கொண்டேன்” என்று இங்கிருந்து ரசீது போய்க்கொண்டே இருக்கவேண்டும். அது தாமதமானால் அனுப்புகிறவர் கையை இழுத்துக்கொள்வார். வாங்கியதற்கு ரசீது கொடுக்கும் வழக்கம் எங்கள் பரம்பரையில் எக்காலத்திலும் இருந்ததில்லையாதலால், இந்தக் காரணத்தை எங்களில் ஒருவராலும் ஊகிக்க முடியாமற் போயிற்று.

அன்று முதல் ரௌட்டரின் பாஸ்வேர்டு மகன் வசமாயிற்று. குடும்பத்தின் நிர்வாகமும், யாரும் பிரகடனம் செய்யாமலே, அதனுடன் கைமாறிற்று. யாருக்கு எந்த நேரத்தில் எவ்வளவு வேகம் என்பதை அவன் விதிக்கிறான். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை கச்சேரி கேட்கும் பொருட்டுத் தம் கைபேசிக்கு முன்னுரிமை அருளவேண்டுமென்று சித்தப்பா ஃபுல்ஸ்கேப் காகிதத்தில், மார்ஜின் விட்டு, ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பையன் அதை ஆதியோடந்தமாகப் படித்துவிட்டு, “சின்னத் தாத்தா, உங்க மேக் அட்ரஸ் எழுதலையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சித்தப்பாவுக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். அவரோ பரம சந்தோஷத்துடன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஆபீஸ்னா இப்படித்தாண்டா இருக்கணும்!” என்று சொல்லிவிட்டு, இன்னொரு காகிதம் கேட்டார்.