பிரதட்சிணமும் பின் டயரும்

என் காரின் டயர் தேய்ந்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பூக்காரம்மா. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் தரையோடு தரையாக உட்கார்ந்து பூத்தொடுப்பவர் அவர். என் கார் அவருக்கு எதிரே நின்றால் அதன் பின்புறம் சரியாகக் கண்மட்டத்துக்கு வரும்.

"சாமி, உள்பக்கம் கம்பி தெரியுதே, பாக்கலியா?"

நான் நின்றவாக்கில் பார்த்தேன். வெளிப்பக்கம் பட்டனெல்லாம் எடுப்பாக, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நல்லாத்தானே இருக்கு என்றேன்.

"குனிஞ்சு பாருங்க சாமி."

ஐம்பத்துமூன்று வயதில், வேட்டியோடு, நடுவீதியில் குனிந்தேன். பின் டயர் இரண்டிலும் உள்விளிம்பு ஓரங்குல அகலத்துக்கு மொட்டை. இடது டயரில் கம்பி நூல்நூலாக வெளியே வந்து காற்றாடிக்கொண்டிருந்தது. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். என்னுடையதில் வெளிப்பக்கம் ஐந்து, உள்பக்கம் பூஜ்யம். சராசரி பார்த்தால் நான் சட்டத்தை மதிப்பவன்தான்.

காரைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, கூரையை மடக்கிவிடலாம். பையன் வேலைக்குப் போய்விட்டான், வீட்டுக்கடன் முடிந்தது, இனி என் ஆசைக்கு ஒன்று என்று கோயம்புத்தூர் போய், ஏற்கெனவே இரண்டு பேர் ஆசை தீர ஓட்டியதை வாங்கி வந்தேன். அம்மாவை ஏற்றினபோது, "என்னடா இது, கிணத்துல எறங்கறாப்ல இருக்கு" என்றாள். ராஜகோபுரம் 236 அடி உயரம். 1987இல் அது கட்டி முடிந்து சம்ப்ரோக்ஷணம் நடந்தபோது கூட்டத்தில் நசுங்கியபடி அண்ணாந்து பார்த்தவள் அம்மா. இந்தக் காருக்குள் உட்கார்ந்தால் அதன் வாசல்தான் தெரிகிறது. கோபுரம் தெரியாத காரை எதற்கு வாங்கினாய் என்று கேட்டாள். கூரையை மடக்கிக் காட்டினேன். கோபுரம் தெரிந்தது. கூடவே சித்திரை வெயிலும்.

"டயரை முன்னுக்குப் பின்னாக மாற்றிப் போடு, தேய்மானம் பங்காகிவிடும்" என்றார் ஸ்விஃப்ட் வைத்திருக்கும் நண்பர். இந்த ஜாதிக் காரில் அதற்கு வழியில்லை. முன்னால் 225 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 255. இடம்வலமாக மாற்றலாமென்றால் டயரில் அம்புக்குறி போட்டிருக்கிறது, இந்தத் திசையில்தான் உருளுவேன் என்று. ஸ்டெப்னி கிடையவே கிடையாது. அந்த இடத்தில் ஒரு பசைப் புட்டியும் ஒரு நம்பிக்கையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஊருக்குள் ஒரு பெரிய டயர் கடைக்குப் போனேன். கையில் டேப்லெட் வைத்திருந்த பையன் டயரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"வண்டி எங்க சார் ஓடுது?"

"தினமும் காலையில அம்மாவை வெச்சுண்டு நாலு சித்திரை வீதியும் ஒரு சுத்து."

"எந்தப் பக்கமா?"

கோயிலை எந்தப் பக்கம் சுற்றுவார்கள்? வலம்தான்.

"அதான் சார் விஷயம். எப்பவும் ரைட் டர்னிங்கே எடுக்கறீங்க. கொஞ்ச நாள் ரிவர்ஸா சுத்துங்க, ஈக்வல் ஆயிடும்."

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக்கூடாது. "டயருக்காகப் பெருமாளை அப்பிரதட்சிணமா சுத்தச் சொன்னானா?" என்று அம்மா அன்று முழுக்க அரற்றினாள்.

பையன் சொன்னதை நான் உடனே தள்ளிவிடவில்லை. அமெரிக்காவில் ஓவல் பந்தயம் என்று ஒன்று உண்டு. வண்டிகள் இடப்பக்கமே திரும்பித் திரும்பிச் சுற்றும், முழுக்க அப்பிரதட்சிணம். அதற்குத் தோதாக இடதுசக்கரத்துக்கு ஒரு சாய்வு, வலதுக்கு வேறொரு சாய்வு வைப்பார்கள். அதே நாட்டு இண்டியானாபொலிஸில் 2005 ஜூனில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது, வலம்சுற்றாக. அதில் சரிவுகட்டிய வளைவு ஒன்றில் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியிலேயே ஒரு காரின் இடது பின் டயர் போய்விட்டது. பந்தயத்தன்று இருபது கார்களில் பதினான்கு, தொடங்குவதற்கு முன்பே ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் ஓடிய ஆறில் ஒன்று கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுடையது. நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் இந்திய ஓட்டுநர் ஒருவருக்குப் புள்ளி கிடைத்தது அந்த ஒரே முறைதான். ஊரான் டயர் உழைக்காததில் நமக்கு வந்த புண்ணியம்.

ஆனால் அங்கே வேகம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தொடும். சித்திரை வீதியில் நான் பத்தில் போகிறேன், அதுவும் மாடு சம்மதித்தால். தவிர, திருப்பத்தில் தேய்வதென்றால் வெளிவிளிம்பு அல்லவா தேய வேண்டும்? என்னுடையதில் தேய்ந்தது உள்விளிம்பு, அதுவும் இரண்டு பக்கமும். பெருமாளை விடுவித்துவிட்டேன்.

அன்று கடையில் பையன் காரை மேடையேற்றி, நாலு சக்கரத்திலும் பலகை மாட்டி, கேமரா வைத்துப் பார்த்து, பத்து நிமிடத்தில் ஒரு தாளை நீட்டினான். முன்பக்கம் எல்லாம் பச்சை. பின்பக்கம்? "பின்னாடி செட்டிங் இல்ல சார்." பல சின்னக் கார்களில் பின்பக்கம் உருக்கிவார்த்த மாதிரி ஒரே தண்டு, அங்கே இந்தப் பதில் சரி. ஆனால் என் காரில் கையும் காலுமாக நாலைந்து ஆர்ம், திருப்பி வைக்க போல்ட்டும் உண்டு. வீட்டுக்கு வந்துதான் தாளின் தலைப்பைப் படித்தேன். இயந்திரத்தில் அதே கம்பெனியின் நாலு கதவு செடானைத் தேர்வு செய்திருந்தான். என் நாடியைப் பிடித்து மாமனாருக்கு மருந்து எழுதின கதை. புது டயர் இரண்டு, ஒன்று இருபத்திரண்டாயிரம், ஆறு மாதத்தில் மறுபடி உள்பக்கம் மழுங்க ஆரம்பித்தன.

கடைசியில் பாலக்கரைப் பக்கம் ஒரு பாயிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டினார். ஒருபக்கம் தடவினால் வழுவழு, திருப்பித் தடவினால் ரம்பப் பல். "கேம்பர் இல்ல தம்பி. டோ."

கேம்பர் என்பது சக்கரத்தின் தலை சாய்ந்திருப்பது. ஸ்போர்ட்ஸ் காரில் வேண்டுமென்றே உள்பக்கம் சாய்த்து வைப்பார்கள், குஸ்திக்காரன் காலை அகட்டி நிற்கிற மாதிரி. வளைவில் உடம்பு வெளியே சாயும்போது டயர் தரையில் முழுசாகப் படியும். ஓரளவு உள்தேய்மானம் அதற்குக் கொடுக்கிற கூலி. டோ என்பது வேறு: மேலிருந்து பார்த்தால் பாதம் உள்ளே திரும்புகிறதா, வெளியே திரும்புகிறதா என்பது. டயரை வேகமாகத் தின்பது இதுதான்.

பாய் கணினியைத் தேடவில்லை. காரின் இரண்டு பக்கமும் நாலு ஸ்டாண்டு நட்டு, தூண்டில் நரம்பை நெடுக இழுத்துக் கட்டி, ஸ்டீல் ஸ்கேலால் டயரின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நரம்பிலிருந்து எவ்வளவு என்று அளந்தார். பந்தயக்காரர்கள் இன்றும் பிட்டில் இப்படி நூல் கட்டித்தான் பார்க்கிறார்களாம். இடது பின்சக்கரம் மூன்று மில்லிமீட்டர் வெளியே திரும்பியிருந்தது, வலது இரண்டு.

மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று கேட்டேன். வீட்டில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபத்தைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் இந்தக் கோணத்தில் உருண்டால் கிலோமீட்டருக்கு நாலரை மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கிறது. திருச்சியிலிருந்து சென்னை போனால் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் டயரை ரோட்டில் குறுக்காக இழுத்துக்கொண்டு போனதற்குச் சமம். விழுப்புரத்தில் காபி குடிக்கும்போது இதெல்லாம் யாருக்குத் தெரிகிறது?

காரணத்தையும் பாயே சொன்னார். பழைய சொந்தக்காரர் யாரோ, இன்னும் தாழ்வாக இருந்தால் அழகு என்று குட்டை ஸ்பிரிங் போட்டிருக்கிறார். உடம்பு இறங்கினதும் பின்பக்க ஆர்மெல்லாம் கோணம் மாறிவிட்டது. போதாததற்கு இடது ஆர்ம் புஷ் பிய்ந்து போயிருந்தது. "நிறுத்தி வெச்சு அளந்தா ஒண்ணு காட்டும், ஓடுறப்ப ஒண்ணு காட்டும். புஷ்ஷ மாத்தாம அலைன்மென்ட் பாத்தா காசு தெண்டம்" என்றார். ஸ்பிரிங்கைப் பழையபடி மாற்றி, புஷ் போட்டு, துருவேறிய போல்ட்டை ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைத்துத் திருப்பினார்.

காத்திருந்தபோது தேரைப் பற்றிப் பேச்சு வந்தது. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்பவும் வேண்டும், பிரேக் இல்லாத தேரானால் நிறுத்தவும் வேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது நம்ம திருவெறும்பூர் பெல் (BHEL) தொழிற்சாலை. "முட்டுக்கட்டை போடுறவன்தான் தம்பி அசல் அலைன்மென்ட்காரன். ஓடுற வண்டியில, கால் பக்கத்துல சக்கரம் வரும்போது சரி பண்றான்" என்றார். அந்தச் சித்திரைத் தேரன்று மூலைத் திருப்பத்தில் நின்று முதன்முறையாகச் சாமியைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

இப்போது பிரதட்சிணம் பழையபடி நடக்கிறது, வலமாகவே. ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. குனிய முடியாத எனக்காக மாதம் ஒருமுறை பூக்காரம்மா பார்த்துச் சொல்கிறார். நேற்று மல்லி முழம் நாற்பது ரூபாய். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் தேயுது சாமி" என்று சொல்லி, ஒரு கண்ணி கூடவே அளந்தார்.