காற்றும் பெயின்டும் ஒன்றா, வேறா? ஏர்பிரஷ் தேர்வு குறித்த ஒரு தத்துவ விசாரம்

சாண் நீளப் பிளாஸ்டிக் டாங்கிக்கு வண்ணமடிக்கச் சாதாரணத் தூரிகை போதாதா என்பது பூர்வபட்சம். போதாது என்பது சித்தாந்தம். என்னெனின், ஜெர்மன் ராணுவம் அப்படிச் செய்துவிட்டது. 1943 பிப்ரவரியில் அது தன் கவச வண்டிகளுக்கு அடர்மஞ்சளை அடிநிறமாக்கி, மேலே அடிக்க வேண்டிய பச்சையையும் செம்பழுப்பையும் விழுதாக டப்பாவில் அடைத்துப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பியது. சிப்பாய்கள் அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து ஸ்ப்ரே செய்தார்கள். பட்டைகளின் ஓரம் கரைந்து மங்கியது. அசல் டாங்கியில் அந்த மங்கல் 7 சென்டிமீட்டர் என்று கொண்டால், 1/35 அளவில் 2 மில்லிமீட்டர். (இந்த 1/35 ஏதோ வேதக் கணக்கு என்று எண்ண வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் செய்த பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அதற்குத் தோதாக வந்த அளவு.) 2 மில்லிமீட்டருக்குள் பச்சை மஞ்சளாகிவிட வேண்டுமென்றால் எந்தத் தூரிகை மயிரும் சம்மதிக்காது.

காற்றால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் என்ற கருவி தேவை என்று நிறுவியாயிற்று. எந்தக் கருவி என்பதில்தான் சமயப் பூசல்.

அத்வைதிகள் ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ மரபினர். பொத்தானை அழுத்தினால் காற்றும் பெயின்டும் சேர்ந்தே வரும்; எவ்வளவு பெயின்ட் என்பது திருகில் முன்பே விதிக்கப்பட்டது. துவைதிகளுக்குக் காற்று வேறு, பெயின்ட் வேறு: கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். இந்த ‘டபுள் ஆக்‌ஷன்’தான் இன்றைய பெரும்பான்மைச் சமயம். புதிதாகத் தீட்சை பெற்றவர் அழுத்தாமல் இழுப்பார். பிறகு காற்றைத் திறப்பார். நுனியில் காத்திருந்த சொட்டு டாங்கியின்மேல் போய் உட்காரும். இரண்டுக்கும் நடுவே ஒரு விசிஷ்டாத்வைதமும் உண்டு. துப்பாக்கி போல ஒரே டிரிக்கர். கொஞ்சம் இழுத்தால் காற்று, மேலும் இழுத்தால் அதனோடு பெயின்ட். தமியாவே இதை விற்கிறது. துவைதிகள் இதைப் பிள்ளை விளையாட்டு என்பர். இரண்டு மணி நேரம் வேலை செய்தபின் அவர்களுடைய ஆள்காட்டி விரலைக் கேட்டால் வேறு சொல்லும்.

பெயின்ட் வெளிவரும் துளையான நாசிலின் அளவு பற்றி: 0.2 மி.மீ. வாங்குவது பேராசை. உலோகப் பொடி கலந்த வெள்ளி நிறம் அதில் அடிக்கடி அடைக்கும். 0.5 ப்ரைமர் அடிக்க நல்லது. 0.3 என்க. ‘0.2 இன்றி மெல்லிய கோடு வராது’ என்பர் ஒரு சாரார். கோட்டை மெல்லியதாக்குவது பெரும்பாலும் பெயின்டின் பதம். பால் பதத்துக்குக் கரைத்து, 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், இரண்டு விரல் தள்ளிப் பிடித்தால் 0.3 ஒழுங்காகப் பேசும். கெட்டியாக இருந்தால் துப்பும். நீர்த்துப் போனால் பெயின்ட் நாலாபக்கமும் சிலந்திக் காலாக ஓடும். கிண்ணம் மேலே இருப்பதைக் கேட்டு வாங்கவும். பெயின்ட் தானே இறங்குவதால் குறைந்த அழுத்தமே போதும்.

கம்ப்ரஸரைக் கணக்கில் எடுக்காமல் ஏர்பிரஷ் விலையை மட்டும் பார்த்து மகிழ்வோர் பலர். மீன்தொட்டிப் பம்ப் இதற்கு ஆகாது. கார் ஸ்டெப்னியிலிருந்து காற்றெடுத்த முன்னோர்கள் இருந்தார்கள். அடிக்க அடிக்க அழுத்தம் இறங்கும், அப்புறம் டயர் பஞ்சரான அன்றைக்குத் தெரியும் சங்கதி. டேங்க் வைத்த கம்ப்ரஸர் வாங்கினால் காற்று விட்டுவிட்டு வராது. சென்னை போன்ற கடற்கரை ஊரில் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம். இங்கே அமுக்கப்பட்ட காற்று வியர்க்கும்.

இனி உண்மையான விஷயம். 1893இல் சார்லஸ் பர்டிக் காட்டிய வழியில், பெயின்டும் காற்றும் கருவிக்குள்ளேயே கலக்கும்படிதான் இன்றும் பெரும்பாலான ஏர்பிரஷ்களைச் செய்கிறார்கள்: நடுவே ஊசி, அது பின்வாங்கினால் நாசிலில் வழி திறக்கும். அந்த வழியில்தான் பெயின்ட் காய்கிறது. பத்து நிமிடம் அடித்தால் அதற்குக் குறையாமல் கழுவ வேண்டும். ஆகவே கடையில் ‘எப்படி அடிக்கும்?’ என்று கேட்பது வீண். ‘கழற்றிக் காட்டுங்கள்’ என்பதே முறை. மரை போட்டுத் திருகும் நாசில் அரிசிமணியைவிடச் சிறியது. குட்டி ஸ்பானரால் ஒரு சுற்று கூடுதலாகத் திருகினால் கழுத்து முறியும். முறியாவிட்டால் வாஷ்பேசின் ஓட்டைக்குள் போகும். இவாட்டா எக்லிப்ஸ், ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக்கின் எவல்யூஷன் ஆகியவற்றில் நாசில் சும்மா செருகி நிற்கும், ஸ்பானரே வேண்டாம். மற்ற குணநலன்களெல்லாம் இதற்குப் பிறகே வரும் என்பது என் தீர்ப்பு.

கழுவும்போது ஊசியை முன்பக்கமாக உருவுவதா, பின்பக்கமாகவா என்பதிலும் இரு கட்சி உண்டு. நாசிலைக் கழற்றிவிட்டு முன்பக்கமாகவே உருவ வேண்டும். பின்னால் இழுத்தால் ஊசியில் ஒட்டிய பெயின்ட் உள்ளிருக்கும் வாஷரில் அப்பிக்கொள்ளும். மறுப்போர் தத்தம் வாஷரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாதத்துக்கு வரலாம்.