எச்சில் டெபாசிட்

1920-ஆம் வருடச் சட்டம் சுத்தக் கஞ்சம். கைதானவரிடம் ரேகையும் கால்தடமும் போட்டோவும் போதும் என்றது. 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம்தான் தாராளப் பிரபு. கருவிழி, ரத்தம், எச்சில் எல்லாம் எடுக்கலாம். பதிவை 75 வருடம் பத்திரமாக வைக்கலாம். காசிமேட்டில் வீட்டுப் பட்டாவுக்குக்கூட இந்தப் பாதுகாப்பு கிடையாது! அளவெடுக்க விடாமல் தடுத்தால் அதுவே குற்றம். அந்தக் குற்றத்துக்கும் ஓர் அளவெடுப்பு. ராயபுரத்து அண்ணன்மாரே, வெற்றிலை எச்சிலை இனித் தெருவில் துப்பி வீணாக்காதீர்கள். ஸ்டேஷனில் போட்டு வைத்தால் பேரன் காலத்துக்கும் இருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது. மீனவர்கள் பிளாஸ்டிக் குவளையால் மொண்டு மொண்டு டிரம் டிரம்மாக சாம்பிள் சேர்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆலைக் குழாயிடம் எச்சில் எடுக்கத்தான் இந்தச் சட்டத்தில் வழியில்லை. குழாய்க்கு எச்சில் ஊறாதாம்.